வேலூர் வெயில் பழகியவர்கள் ஜூலையில் டெத் வேலியில் கூடாரம் போடலாமா?

ஜூலை இரண்டாம் வாரத்தில் கலிஃபோர்னியாப் பாலைவனத்தில் இருக்கும் டெத் வேலி தேசியப் பூங்காவின் ஃபர்னஸ் கிரீக் முகாமில் இரண்டு இரவு கூடாரத்தில் தங்கப் போகிறீர்கள். வெயிலைச் சமாளிக்க என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "நாங்கள் வேலூர்க்காரர்கள், கத்திரி வெயிலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள், ஆகவே பயமில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எடுத்துச் செல்ல வேண்டிய சாமான்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் திட்டம் முழுவதும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். உங்களோடு வருபவர்கள் ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு குழந்தைகள், ஊரிலிருந்து வந்து ஒரு மாதமாகச் சான் ஹோசேயில் உங்களோடு இருக்கும் 68 வயது அப்பா, இன்சுலின் போட்டுக்கொள்ளும் அம்மா. நான் பாலைவனத்தை ஒட்டிய ஓர் ஊரில் அவசர சிகிச்சைப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். விடுமுறை நாட்களில் அதே பாலைவனத்தில் கூடாரம் போடுகிறவன். இந்த இரண்டு அனுபவங்களையும் வைத்தே எழுதுகிறேன்.

வெயில் பழக்கம் என்று நாம் சொல்வது உடம்பில் உண்மையாகவே நடக்கும் மாற்றம்தான். ஒன்று முதல் இரண்டு வாரம் வரை தினமும் வெப்பத்தில் உழைத்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அந்த வியர்வையில் உப்பு குறைகிறது. ஆனால் இது சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் போல ஒருமுறை வந்தால் நிலைத்துவிடுவதில்லை. வெப்பத்தை விட்டு விலகிய சில நாட்களிலேயே குறையத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் போய்விடுகிறது. சான் ஹோசேயின் இருபத்தைந்து டிகிரியில் பல ஆண்டுகளாக இருக்கும் உங்களிடம் வேலூரின் பழக்கத்தில் எதுவும் மிச்சமிருக்காது. ஒரு மாதமாக உங்கள் வீட்டில் இருக்கும் பெற்றோரிடமும் கொஞ்சம்தான் இருக்கும். உங்களிடம் மிஞ்சியிருப்பது வெயிலைப் பற்றிய நினைவு மட்டுமே. அந்த நினைவு தரும் துணிச்சலைத்தான் நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

இரண்டாவதாக, அது வேறு வகை வெயில். ஃபர்னஸ் கிரீக்கில் ஜூலை மாதத்துச் சராசரி உச்சமே 47 டிகிரியை ஒட்டியிருக்கும். 1913இல் அங்கே பதிவான 56.7 டிகிரி சரியான அளவுதானா என்று வானிலை அறிஞர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் 2020 ஆகஸ்டில் 54.4 டிகிரியைக் கருவி காட்டியிருக்கிறது, உங்கள் பயணத்துக்கு அதுவே போதும். நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை உடம்பு தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும். காற்று 47 டிகிரி ஆகிவிட்டால் அதுவே உடம்புக்குள் சூட்டை ஏற்றத் தொடங்கிவிடும். அந்த நிலையில் நமக்கு இருக்கும் ஒரே வடிகால் வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும் என்பதால் அது வலுவான வடிகால்தான். ஆனால் அந்த லிட்டரை நாம் மறுபடி உள்ளே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நம்மூர்க்காரர்கள் ஏமாறும் இடமும் இதுதான். சென்னையில் வியர்த்தால் சட்டை முதுகில் ஒட்டும், நெற்றியிலிருந்து சொட்டும், "போதும், நிழலுக்குப் போ" என்று உடம்பு சொல்வது காதில் விழும். டெத் வேலியின் காற்றில் ஈரப்பதம் பத்து விழுக்காட்டுக்கும் கீழே போவது சாதாரணம் என்பதால் வியர்வை தோலுக்கு வந்த கணமே பறந்துவிடும். முதன்முறை அங்கே நடந்தபோது ஒரு மணி நேரம் கழித்தும் எனக்கு வியர்க்கவே இல்லை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். காரில் ஏறிக் கண்ணாடியில் பார்த்தபோது கருநீலச் சட்டையின் அக்குளிலும் தோள்பட்டையிலும், கடற்கரை மணலில் அலை விட்டுப் போகும் கோட்டைப் போல, வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. இழந்த நீரின் அடையாளம் அந்தக் கோடுகள் மட்டும்தான்.

இதே வறட்சி நமக்குச் சாதகமாகவும் இருக்கிறது. சமாளிக்கும் வழிகளில் பாதி இதில்தான் அடங்கியிருக்கிறது. சென்னையில் 35 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில் ஈரத்துணியைக் காற்றில் தொங்கவிட்டால் அது ஏறக்குறைய 30 டிகிரிக்குக் கீழே குளிராது. டெத் வேலியில் 47 டிகிரியும் 10 விழுக்காடும் உள்ள நிழலில் அதே துணி 23 டிகிரி வரை இறங்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பதும் இந்தக் கணக்கின்படிதான். சென்னையை விட அந்தப் பாலைவனத்தில் அவை பல மடங்கு நன்றாக வேலை செய்யும். ஆகவே உங்கள் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது நாலு பழைய பருத்தி வேட்டிகள். மலையேறுபவர்களுக்கான கடைகளில் பருத்தியை ஆகாது என்பார்கள். குளிர்ப்பிரதேசத்துக்கு அது சரியான அறிவுரை, ஏனென்றால் பருத்தி ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். இங்கே நமக்கு வேண்டியதே அந்தக் குணம்தான். தொளதொளப்பான முழுக்கைச் சட்டையை நனைத்துப் போட்டுக்கொண்டு, காய்ந்ததும் மறுபடி நனைக்க வேண்டும். கழுத்தையும் தலையையும் ஈரத்துண்டால் சுற்றிக்கொள்ளலாம். துணியின் நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பாலைவன நாடோடிகளான பதூவின் மக்கள் அணியும் கறுப்பு அங்கியையும் வெள்ளை அங்கியையும் பாலைவனத்தில் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1980இல் வந்தது. அங்கி தொளதொளப்பாக இருந்து உள்ளே காற்று ஓடினால், உடம்பு ஏற்கும் வெப்பத்தில் வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு.

பேட்டரி மின்விசிறியைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். தோல் காய்ந்திருக்கும்போது அந்த வெப்பத்தில் மின்விசிறியின் முன்னால் உட்காருவது, உலைக்கு முன்னால் உட்கார்ந்து ஊதவிடுவதற்குச் சமம். ஆய்வுக்கூடத்தில் 47 டிகிரியிலும் 10 விழுக்காடு ஈரப்பதத்திலும் ஆட்களை உட்காரவைத்துப் பார்த்தபோது மின்விசிறி உடம்பின் சூட்டைக் கூட்டியது. 40 டிகிரியிலும் 50 விழுக்காட்டிலும் குறைத்தது. உடம்பில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் நிலைமை மாறி, மின்விசிறி மறுபடி நமக்கு உதவத் தொடங்கும். எத்தனை டிகிரிக்கு மேல் அதை நிறுத்த வேண்டும் என்பதில் நிபுணர்களே ஒரு கருத்தில் இல்லை, முதியவர்களுக்கு அந்த எல்லை இன்னும் கீழே இருக்கலாம். விசிறி ஓடினால் உடம்பு ஈரமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

குடிநீரில் உறுதியானதும் உறுதியில்லாததும் கலந்தே கிடக்கின்றன. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டராவது என்பது தேசியப் பூங்காவின் அறிவுரை. அதைக் குறைந்தபட்சமாகக் கொள்ளுங்கள், துணி நனைக்கவும் உடம்பில் தெளிக்கவும் இன்னொரு மூன்று நாலு லிட்டர் வேண்டும். நீங்கள் இருவரும் சேர்ந்து ஆறு பேருக்கு இரண்டு நாளைக்கு ஏறக்குறைய நூறு லிட்டர் ஆகிறது, அதாவது இருபது லிட்டர் கேன் ஐந்து. யார் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று துல்லியமான எண் யாராலும் தர முடியாது. உடல்வாகு, நடை, நிழல் எல்லாம் அதை மாற்றும். எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பயந்துபோய் மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்து, இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலியும் வாந்தியும் குழப்பமுமாக வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் வெயில் நோய் போலவே இருக்கும். தண்ணீரோடு உப்பும் உள்ளே போக வேண்டும். முறுக்கு, வேர்க்கடலை, எலுமிச்சை ஊறுகாயோடு தயிர் சாதம், உப்புப் போட்ட மோர் எல்லாம் இதற்குப் போதும், மோரையும் தயிரையும் ஐஸ் பெட்டியை விட்டு வெளியே எடுத்துவைக்காத வரையில். விலை கூடிய எலக்ட்ரோலைட் உப்புப் பொடிகள் இவற்றைவிட மேலானவை என்பதற்கு எனக்குத் திருப்தியான சான்று இல்லை. வாங்குவதானால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்குங்கள், உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது, பல விளையாட்டுப் பானங்களில் அறுபது கிராமை ஒட்டிச் சர்க்கரை இருக்கும். உங்கள் அம்மாவுக்கு அந்த வித்தியாசம் பெரிது.

குழந்தைகளும் முதியவர்களும் வேறு வேறு காரணங்களால் பலவீனமானவர்கள். சிறு உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். காற்று தோலைவிடச் சூடாக இருக்கும் இடத்தில் அது பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும், தவிரவும் விளையாட்டில் இருக்கும் ஆறு வயதுக் குழந்தை தாகம் என்று சொல்லிக்கொண்டு வராது. வயதானவர்களுக்கு வியர்வையும் குறைவு, தாக உணர்வும் மந்தம். உங்கள் அப்பா சாப்பிடுவது இரத்த அழுத்த மாத்திரை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் சில சிறுநீரைக் கூட்டி நீரிழப்பை அதிகமாக்கும், சில வெப்பத்துக்கு ஏற்ப இதயம் வேகமெடுப்பதைத் தடுக்கும். மாத்திரையை நிறுத்துவதையோ அளவை மாற்றுவதையோ பற்றி நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். அதை அவருடைய மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும், கிளம்புவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம். இன்சுலினைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: முப்பது டிகிரிக்கு மேல் அது வீரியம் இழக்கத் தொடங்கும், ஐஸ் கட்டியில் நேராகப் பட்டு உறைந்தாலும் வீணாகிவிடும். துண்டில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஐஸ் பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள். வெப்பத்தில் இன்சுலின் இரத்தத்தில் சேரும் வேகம் கூடுவதால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். அப்போது வரும் வியர்வையும் தடுமாற்றமும் வெயில் நோயைப் போலவே இருக்கும் என்பதால், அம்மா தடுமாறினால் உடனே சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்.

இப்போது இரவு. பாலைவனம் என்றால் ராத்திரியில் குளிரும் என்று நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம், உங்கள் திட்டமும் அதை நம்பித்தான் இருக்கிறது. டெத் வேலியின் தரை கடல்மட்டத்துக்கும் கீழே, பேட்வாட்டர் உப்புவெளியில் 86 மீட்டர் கீழே, உயர்ந்த மலைகளுக்கு நடுவில் ஒரு குறுகலான பள்ளம். மேலே எழும் சூடான காற்று முழுவதும் தப்பிப் போகாமல் மறுபடி கீழே இறங்கும்போது அமுங்கி இன்னும் சூடேறுகிறது, பகலெல்லாம் வெந்த பாறை இரவெல்லாம் சூட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. கோடையில் பல இரவுகளில் வெப்பம் 30 முதல் 35 டிகிரியோடு நின்றுவிடும், அதுவும் விடியற்காலையில்தான். எனக்கு முப்பது வயதாக இருந்தபோது ஜூன் கடைசியில் அங்கே ஓர் இரவு கூடாரம் போட்டேன். இரவு பதினொரு மணிக்கு, காரில் தொங்கவிட்டிருந்த வெப்பமானி 40ஐக் காட்டியது. முகம் கழுவலாம் என்று திறந்த குழாயில் குளிர்ந்த நீர் வரக் காத்திருந்து காத்திருந்து, கடைசிவரை வெந்நீர்தான் வந்தது. ஈர வேட்டியைப் போர்த்துக்கொண்டு படுத்தால் இருபது நிமிடத்தில் அது மொறமொறவென்று காய்ந்துவிடும், எழுந்து மறுபடி நனைக்க வேண்டும். தனி ஆளாக இருந்ததால் அதை ஒரு வேடிக்கையாக இப்போது சொல்ல முடிகிறது. முதல் நாள் வெப்பத்திலிருந்து உடம்பு மீள்வது தூக்கத்தில்தான். மீளாத உடம்போடு இரண்டாம் நாளைத் தொடங்குகிறவர்களே எங்கள் பிரிவுக்கு அதிகம் வருகிறார்கள் என்பது என் அனுபவம்.

எனவே நேரடியாகவே சொல்கிறேன்: ஃபர்னஸ் கிரீக்கில் இந்தக் குடும்பத்தோடு கூடாரம் வேண்டாம். அதே பூங்காவில் உயரத்துக்குப் போங்கள். ஆயிரம் அடி ஏறினால் சுமார் இரண்டு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். மேற்கே மலைச்சரிவில் வைல்ட்ரோஸ் முகாம் 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் 47 என்றால் அங்கே பகல் 38ஐ ஒட்டியும் இரவு தூங்கும்படியாகவும் இருக்கும். அதற்கும் மேலே 2,500 மீட்டரில் மஹோகனி ஃப்ளாட் முகாமில் பகலே முப்பதைச் சுற்றித்தான் இருக்கும், ஆனால் கடைசிப் பாதை கரடுமுரடானது, ஆறு பேரை ஏற்றிய மினிவேனுக்கு ஏற்றதல்ல, குடிதண்ணீரும் கிடையாது. இடையில் 2,000 மீட்டருக்குச் சற்று மேலே, 1877இல் கட்டிய பத்து கரிச்சூளைகள் கல் தேன்கூடுகளைப் போல வரிசையாக நிற்கின்றன. பைன் மரநிழல் உண்டு, சூளைகளுக்குள் நுழைந்தால் தடித்த கற்சுவர் குளிர்ச்சியாக இருக்கும். வைல்ட்ரோஸில் கூடாரத்தைப் போட்டுவிட்டுப் பகலின் கொடுமையான நேரத்தை அங்கே கழியுங்கள். கூடாரத்தின் மேலுறையைக் கழற்றி வலைப்பகுதியை மட்டும் நிறுத்துங்கள். அதற்கு மேலே ஒரு முழ இடைவெளி விட்டுத் தார்ப்பாயைக் கட்டுங்கள். தார்ப்பாய் கூடாரத்தைத் தொட்டால் அதன் சூடு அப்படியே உள்ளே இறங்கும். தரைச்சூடு படாமல் பெற்றோருக்கு மடக்குக் கட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலைகள் வெள்ளத்தால் அடிக்கடி மூடப்படும் என்பதால் கிளம்பும் முன் பூங்கா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கீழே இறங்கும் நேரங்களில் தரையை மறக்கக் கூடாது. 1972 ஜூலையில் ஃபர்னஸ் கிரீக்கில் தரையின் வெப்பம் 93.9 டிகிரி பதிவாகியிருக்கிறது. 2024 ஜூலையில் மணல்மேட்டில் செருப்பைத் தொலைத்த பெல்ஜிய நாட்டுப் பயணி ஒருவரின் பாதங்கள் மூன்றாம் நிலைத் தீக்காயமாக வெந்துபோயின. காற்று அவ்வளவு சூடாக இருந்ததால் ஹெலிகாப்டர் அங்கே இறங்க முடியாமல், உயரமான இடத்துக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோன பிறகே ஏற்ற முடிந்தது. சூடான காற்றின் அடர்த்தி குறைவு, விசிறிக்குப் பிடிமானம் கிடைக்காது. குழந்தைகளுக்கு வார்ச்செருப்பு கூடாது, மூடிய காலணிதான். கைப்பேசிக்கு அங்கே பெரும்பாலும் சிக்னல் இருக்காது, சூட்டில் அதுவே அணைந்தும் போகும். காகித வரைபடம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள், தேடுகிறவர்களுக்கு மனிதரைவிட வண்டி எளிதில் தென்படும். 1996 ஜூலையில் நாலு ஜெர்மானியர் வாடகை வேனோடு உட்பாதையில் மாட்டிக்கொண்டார்கள். வேன் அக்டோபரில் கிடைத்தது, எலும்புகள் 2009இல்தான் கிடைத்தன.

கடைசியாக, யாருக்காவது முடியாமல் போனால். தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு என்று நின்றால் நிழல், குளிர்ந்த காரின் உள்ளே படுக்கவைத்தல், உப்புக் கலந்த நீர் என்று சமாளிக்கலாம். பேச்சிலோ நடத்தையிலோ மாற்றம் தெரிந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை நின்று தோல் காய்ந்திருக்கும் என்று பழைய பாடங்களில் இருப்பதை நம்ப வேண்டாம். நான் பார்த்த ஒருவர் நனைந்த சட்டையோடு, தன் கையிலேயே இருந்த கார் சாவியை மனைவி ஒளித்துவைத்துவிட்டதாகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்; உள்வெப்பம் 41 டிகிரிக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் மருத்துவமனைக்கு ஓடுவதைவிட முதலில் அங்கேயே குளிர்விப்பதுதான் உயிரைக் காக்கும், இதில் இன்று மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. தார்ப்பாயில் படுக்கவைத்து, நாலு ஓரத்தையும் ஆட்கள் தூக்கிப் பிடித்துத் தொட்டில்போல ஆக்கி, ஐஸ் பெட்டியில் இருக்கும் அத்தனை தண்ணீரையும் ஐஸையும் கொட்டிப் புரட்டிக்கொண்டே இருங்கள். தண்ணீர் போதாவிட்டால் உடம்பு முழுக்க நனைத்து விடாமல் விசிறுங்கள், அந்த வறண்ட காற்றில் அதுவும் நன்றாகவே குளிர்விக்கும். ஒருவர் அதைச் செய்யும்போதே இன்னொருவர் உதவிக்கு ஆள் தேட வேண்டும். தடுமாற்றத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. வெங்காயத்தைப் பையில் வைத்துக்கொண்டால் வெயில் அடிக்காது என்ற நம்பிக்கைக்கு எந்தச் சான்றும் நான் கண்டதில்லை. தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள்.

பேட்வாட்டர் உப்புவெளியில் கால்வைக்க வேண்டும் என்பது உங்கள் அப்பாவின் ஆசை என்று எழுதியிருந்தீர்கள். அதை விட வேண்டியதில்லை. முதல் இரவு ஃபர்னஸ் கிரீக்கில் குளிர்சாதன அறை எடுத்துத் தங்குங்கள், விடியும் முன் ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். அந்த இடத்துக்குக் கிழக்கே மலை சுவர்போல நிற்பதால் சூரியன் உதித்த பிறகும் சற்று நேரம் உப்புவெளி நிழலிலேயே இருக்கும், அந்த நேரம் முழுவதும் அவருடையது. வெயில் உப்பைத் தொடும்போது எல்லோரும் வண்டிக்குத் திரும்பியிருக்க வேண்டும். பத்து மணிக்குள் மலையேறத் தொடங்கிவிடுங்கள், இஞ்சின் சூடேறினால் ஏற்றத்தில் ஏ.சி.யை அணைக்க வேண்டி வரும், அப்போது கைக்கெட்டும் இடத்தில் ஒரு வாளி தண்ணீரும் அந்த வேட்டிகளும் இருக்கட்டும்.